அப்பா பேர்... அம்மா பேர்... அப்புறம்தான் பூ பேர்!

எங்கள் வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கி, ஊருக்குள் தெரியாத பையன் ஒருத்தன் நடந்து போனால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அவன் பேரைக் கேட்கமாட்டார். "யாரு வீட்டுப் பிள்ளைடே நீ?" என்றுதான் கேட்பார். அப்பா பேரைச் சொன்னால் மட்டும் விடமாட்டார். "அம்மைக்கு எந்த ஊரு?" என்று அடுத்த கொக்கி விழும். இரண்டும் கிடைத்துவிட்டால் போதும்... "அடேய், அப்போ நீ ரெண்டாவது பய இல்லா!" என்று பையனின் பேரை அவரே சொல்லிவிடுவார்.

இதே வேலையை லண்டனில் ஒரு ரிஜிஸ்டர் செய்துகொண்டிருக்கிறது. பையன்களுக்கு அல்ல. ஆர்க்கிட் பூக்களுக்கு!

ஆர்க்கிட் என்றதும் ஏதோ பணக்கார சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கல்யாண ரிசப்ஷன் மேடையில், மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாகச் சொருகி வைத்திருப்பார்களே, அது ஆர்க்கிட்தான். 'டென்ட்ரோபியம் சோனியா' என்று பேர். அது காட்டில் தானாக முளைத்த பூ அல்ல. 'சீசர்' என்கிற கலப்பினத்தையும் 'டோமி டிரேக்' என்கிற கலப்பினத்தையும் மனிதன் கல்யாணம் செய்துவைத்துப் பிறந்த குழந்தை. சீசருக்கும் அப்பா அம்மா உண்டு. டோமி டிரேக்குக்கும் உண்டு. இப்படியே தோண்டிக்கொண்டு போனால் கடைசியில் ஆஸ்திரேலியக் காட்டிலும் இந்தோனேசியத் தீவிலும் போய் முட்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கே மூன்று தலைமுறைக்கு மேல் தெரியாது. மேடையில் இருக்கிற பூவுக்குத் தெரியும்!

பெண் பார்க்கும் அம்மா... மாப்பிள்ளை பார்க்கும் மகன்!

இந்த விவகாரத்துக்குள் என்னை இழுத்துவிட்டவர் ஒரு நண்பர். அரசாங்க ஆபீஸில் கிளார்க். வயசு 34. அவருடைய அம்மா ஏழெட்டு வருஷமாகப் பெண் பார்க்கிறார். இவரோ வீட்டுக் கொல்லையில் பச்சை நிழல்வலை கட்டி, தேங்காய் மட்டையிலும் கரித்துண்டிலும் ஆர்க்கிட்டுகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு கல்யாண புரோக்கர்கள்!

ஆடி மாசம் குற்றாலத்துச் சாரல் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி எங்கள் ஊர் வரைக்கும் வரும். அந்தச் சீசனில் ஒருநாள் நண்பர் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டுப் போனார். இரண்டு செடிகளைக் காட்டினார்.

ஒன்று, நம் ஊர்ச் செடி. 'வந்தா டெசலேட்டா'. மலையாளத்துக்காரர்கள் 'மரவாழை' என்பார்கள். தமிழ்நாட்டின் அடிவார மரங்களில் ஒட்டிக்கொண்டு வளர்கிற, பழுப்புக் கட்டம் போட்ட சட்டை மாதிரி இதழ் உள்ள பூ. பார்க்கச் சுமார்தான். ஆனால் வாசனை... ஆஹா! 'வந்தா' என்கிற பேரே சம்ஸ்கிருதத்திலிருந்து போனதுதான். வங்காளத்தில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸின் எழுத்து வழியாக 1795-ல் அந்தப் பேர் அச்சில் ஏறியது. உலகத்து வந்தாக்கள் எல்லாவற்றுக்கும் இந்த மரவாழைதான் ஆதி மாதிரி.

இன்னொன்று, கேரளா பக்கமிருந்து வாங்கி வந்தது. பிளாஸ்டிக் சீட்டில் 'வந்தா டான் சே யான்' என்று எழுதியிருந்தது. பீச் பழ நிறத்தில், உள்ளங்கை அகலப் பூ.

"அண்ணாச்சி... அது அழகு, இது வாசனை. ரெண்டையும் சேர்த்து வைக்கப் போறேன். பிறக்கிற பூவுக்கு எங்க அம்மை பேரு. லண்டன் ரிஜிஸ்டர்ல ஏத்திப்புடுவேன். அம்மைக்கு வயசு 68. பூவைக் கண்ணால பார்த்திரணும்லா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது.

தவம் என்றால் இதுதான் தவம்

ஆர்க்கிட்டில் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் வைப்பது ஒரு நிமிஷ வேலை. பல் குத்தும் குச்சி போதும். அப்புறம்தான் இருக்கிறது சங்கதி. காய் முற்ற மாசக்கணக்கில் ஆகும். வந்தா வகைகளில் ஒரு வருஷத்தை நெருங்கினாலும் ஆச்சரியமில்லை. காய்க்குள் லட்சக்கணக்கில் விதை இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தூசு. நெல்லுக்குள் அரிசி மாதிரி உள்ளே சாப்பாடு எதுவும் கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சைதான் அதற்குச் சோறூட்டும். பூஞ்சை இல்லாமலே, கண்ணாடிக் குடுவைக்குள் சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் கலந்த கூழில் விதையை முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் நட்ஸன் 1922-ல் காட்டினார். இன்றைக்கும் அந்த வழிதான். குடுவையில் ஒரு வருஷத்துக்கு மேல். பிறகு விரல் நீள நாற்று. பிறகு தொட்டி. பிறகு காத்திரு... காத்திரு... கூட்டிக் கழித்தால் ஆறேழு வருஷம் சர்வசாதாரணம்.

அம்மாவுக்கு 68. கூட்டிப் பாருங்கள். இப்போது புரிகிறதா குரல் ஏன் இறங்கியது என்று?

அதனால்தான் குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன்பே ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் சட்டம் ரொம்பக் கறார். இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த பிள்ளைகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு பேர்தான். முதலில் பதிந்தவர் வைத்ததே பேர். ஐம்பது வருஷம் கழித்து அதே ஜோடியை நீங்கள் உங்கள் கொல்லையில் சேர்த்துவைத்தாலும், பிறக்கிற குழந்தைக்குப் பழைய பேர்தான்.

பாவம், மிமி பால்மர் முந்திவிட்டாள்!

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். இந்த ரிஜிஸ்டரை யாரும் காசில்லாமல் தேடலாம். தாய்ச் செடிக்கு ஒரு கட்டம், தந்தைச் செடிக்கு ஒரு கட்டம். இங்கே டான் சே யான், அங்கே டெசலேட்டா. தட்டினோம்.

வந்துவிட்டது பதில். 'மிமி பால்மர்'. பதிவு 1963.

நண்பர் முகத்தைப் பார்க்கணுமே! பொண்ணு பார்க்கப் போன வீட்டில் ஏற்கெனவே நிச்சயம் முடிந்துவிட்டது என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. "யாரு அண்ணாச்சி இந்த மிமி பால்மர்? எங்க அம்மைக்குப் போட்டியா வந்திருக்கா?" என்றார்.

ஆறேழு வருஷம் காத்திருந்து, பூ பூத்து, ஊரைக் கூட்டிச் சொன்ன பிறகு இது தெரிந்திருந்தால்? நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. இரண்டு நிமிஷத் தேடல் ஏழு வருஷத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.

விட மனசில்லை. வந்ததுதான் வந்தோம், வம்சத்தைப் பார்ப்போம் என்று டான் சே யானைத் தோண்டினோம். அப்பா அம்மா: 'வந்தா டியரேயி', 'ஜோசஃபின் வான் பிரேரோ'. டியரேயி, போர்னியோ காட்டு மஞ்சள் பூ. ஜோசஃபினைத் தோண்டினால் 'இன்சிக்னிஸ்', 'டெரஸ்'. இன்சிக்னிஸ் இந்தோனேசியத் தீவுக்காரர். டெரஸ் நம் வடகிழக்கு மாநிலங்களிலும் வளர்கிற செடி.

இப்போது ரத்த சம்பந்தத்தைக் கணக்குப் போடலாம். மிமி பால்மர் உடம்பில் நம் மரவாழை 50 சதவிகிதம். டியரேயி 25. இன்சிக்னிஸ் 12.5. டெரஸ் 12.5. கூட்டினால் சரியாக 100. மிமி பால்மர் அதன் வாசனைக்காகவே பேர் வாங்கிய பூ. அந்த வாசனை எந்தப் பக்கத்துச் சொத்து என்று சொல்ல வேண்டுமா? மாமரக் கிளையில் கேட்பாரற்றுத் தொங்கும் நம் ஊர்க் கட்டம் போட்ட சட்டைக்காரர் கொடுத்த சீதனம்!

டான் சே யானுக்கு இன்னொரு கதையும் உண்டு. அது ஒரு மனிதரின் பேர். மலாக்காவைச் சேர்ந்த சீனர். 1896-ல் மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்ட முன்னோடி. பின்னாளில் நம் ஜனங்கள் கப்பல் ஏறிப்போய்ப் பால் வெட்டினார்களே, அந்த ரப்பர் யுகத்துக்கு ஆரம்பம் போட்டவர்களில் ஒருவர். அவருடைய மகன் டான் ஹூன் சியாங் இந்தப் பூவை உருவாக்கி அப்பா பேரை வைத்தார். 1954-ல் லண்டன் செல்ஸீ மலர்க் கண்காட்சியில் அதற்கு முதல்தரச் சான்றிதழ் கிடைத்தது.

இதைப் படித்ததும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அம்மை பேரை வைக்கணும்னு நினைச்சது தப்பில்லைதானே?"

தப்பே இல்லை. ஜோடியைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு டாக்டர், ஒரு தோட்டக்காரர்

இந்தப் பேர் வைக்கும் கூத்து எப்போது ஆரம்பித்தது? இங்கிலாந்தில் எக்ஸிட்டர் என்கிற ஊர். அங்கே வீச் என்ற குடும்பத்தாரின் நர்சரி. அதில் ஜான் டோமினி என்று ஒரு தோட்டக்காரர். பக்கத்தில் ஜான் ஹாரிஸ் என்ற சர்ஜன், 'ஆர்க்கிட்டிலும் இப்படி மகரந்தம் மாற்றலாமே' என்று அவருக்கு யோசனை சொன்னார். 1856-ல் முதல் பூ பூத்தது. மனிதன் உண்டாக்கிய முதல் கலப்பின ஆர்க்கிட். 'கலாந்தே டோமினியை' என்று தோட்டக்காரர் பேரையே வைத்தார்கள். யோசனை சொன்ன டாக்டரையும் மறக்கவில்லை. 1869-ல் டோமினி உண்டாக்கிய முதல் செருப்பு ஆர்க்கிட் கலப்பினத்துக்கு 'ஹாரிசியானம்' என்று பேர்.

இதில் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. அந்த முதல் குழந்தையின் அப்பா அம்மா ஜாதி இரண்டுமே நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறவை!

அன்றைய தாவரவியல் பெரும்புள்ளி ஜான் லிண்ட்லி அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, 'இப்படிச் செய்தால் எங்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிடுமே' என்கிற ரீதியில் அலறினாராம். அலறல் நியாயம்தான். அடுத்த ஐம்பது வருஷத்தில் ஆளாளுக்குக் கலந்து, ஆளாளுக்குப் பேர் வைத்து, ஒரே ஜோடிக்கு நாலு பேர், ஒரே பேரில் நாலு ஜோடி என்று குழம்பிவிட்டது.

குழப்பத்தைத் தீர்க்க வந்தவர் ஃபிரெடரிக் சாண்டர். ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் ஆர்க்கிட் வியாபாரம் செய்தவர். 'ஆர்க்கிட் ராஜா' என்றே பட்டம். 1906-ல் அவர் போட்ட பட்டியல்தான் 'சாண்டர்ஸ் லிஸ்ட்'. 1961 முதல் அந்தப் பொறுப்பு லண்டன் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியிடம் இருக்கிறது. பதிந்த பேர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிப் பல காலம் ஆகிவிட்டது. ஜனன ரிஜிஸ்டர் என்றால் இதுவல்லவா ஜனன ரிஜிஸ்டர்! அப்பா பேர் காலியாக ஒரு பக்கம் இருக்காது.

தேடப் போகிறவர்களுக்கு அஞ்சு விஷயம்

ஒன்று: யார் தாய், யார் தந்தை என்பதில் தகராறு வேண்டாம். மாற்றிப் போட்டாலும் பேர் ஒன்றுதான். சிங்கப்பூரின் தேசிய மலர் 'மிஸ் ஜோகிம்' இருக்கிறதே, ஆக்னஸ் ஜோகிம் என்கிற ஆர்மீனியப் பெண்மணியின் பேரில் 1893-ல் உலகுக்கு அறிமுகமாகி, 1981-ல் தேசிய மலரானது. பெற்றோர் ஹூக்கரியானாவும் டெரஸும். இதில் எது தாய் என்று அறிஞர்கள் சண்டை போட்டதுண்டு. ரிஜிஸ்டருக்கு அந்தச் சண்டையே கிடையாது.

இரண்டு: குடும்பப் பேர் மாறும். மேலே சொன்ன டெரஸ் முன்பு 'வந்தா' குடும்பம். இப்போது 'பாபிலியோனாந்தே'. அதனால் டான் சே யானும் மிமி பால்மரும் ரிஜிஸ்டரில் 'பாபிலியோனாண்டா' ஆகிவிட்டார்கள். 'அஸ்கோசென்ட்ரம்' என்ற குடும்பத்தையே வந்தாவோடு சேர்த்துவிட்டதால், பூக்கடைக்காரர் 'மொக்காரா' என்று விற்பது ரிஜிஸ்டரில் 'அராண்டா'. கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாறின மாதிரி. பழைய சீட்டை வைத்துத் தேடிக் கிடைக்கவில்லை என்றால், புதுப் பேரையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

மூன்று: ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருப்பது வேறு பேர். ஒரு காயில் பிறந்த ஆயிரம் நாற்றும் ஒரே மாதிரி பூக்காது. அண்ணன் கறுப்பு, தம்பி சிவப்பு மாதிரிதான். அதில் அழகான ஒரு செடியைப் பிரித்துச் சொல்ல வைப்பது மேற்கோள் குறிப் பேர். பெற்றோரைத் தேடும்போது அது தேவையில்லை. வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பேரை ஓட்டர் லிஸ்ட்டில் தேடுவோமா?

நாலு: பூக்காமல் பதிய முடியாது. தொட்டிலில் போட்ட பிறகுதான் பேர். பேர் வைக்கும் உரிமை, மகரந்தம் வைத்த அன்றைக்குத் தாய்ச் செடி யாரிடம் இருந்ததோ அவருக்கு. நீங்கள் நாற்று வாங்கி வளர்த்துப் பூக்க வைத்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சின்னதாக ஒரு கட்டணமும் உண்டு.

அஞ்சு: இதுதான் முக்கியம். சீட்டைத் தொலைக்காதீர்கள்! பெற்றோர் தெரிந்தால் பேரைக் கண்டுபிடிக்கலாம். பேர் தெரிந்தால் பெற்றோரைக் கண்டுபிடிக்கலாம். பூவை மட்டும் நீட்டி 'இது யார் பிள்ளை?' என்றால் ரிஜிஸ்டர் கையை விரித்துவிடும். நம் வெயிலுக்கு எழுத்து அழியும், காற்றுக்குச் சீட்டு பறக்கும். நண்பர் பென்சிலில் எழுதி, ஒன்றைத் தொட்டிக்குள் புதைத்து, ஒன்றை நோட்டிலும் குறித்து வைக்கிறார். சர்வீஸ் ரிஜிஸ்டரை அவர் இவ்வளவு பத்திரமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

பேர் இருக்கு... ஆள் எங்கே?

சிரித்தது போதும். இந்த மலைப் பக்கத்துக்காரனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

குற்றாலத்துக்கு டாக்டர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து செடி செடியாகச் சேகரித்தார். அவருக்காகப் படம் வரைந்தவர்கள் ருங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். கோவிந்துவின் கைவண்ணத்துக்கு மரியாதையாக ஒரு ஆர்க்கிட் குடும்பத்துக்கே 'கோவிந்தூயியா' என்று வைட் பேர் வைத்தார். ஆனால் அந்தச் செடி ஏற்கெனவே இருந்த 'ட்ராபிடியா' குடும்பம்தான் என்று ஆகி, கோவிந்துவின் பேர் பழைய பேர்ப் பட்டியலுக்குள் போய்விட்டது.

அதாவது பரவாயில்லை, பேர்தான் போனது. 'டுரூரியை' கதை வேறு. தென்னிந்தியாவுக்கென்று இருக்கிற ஒரே செருப்பு ஆர்க்கிட் அது. அகத்தியமலைத் தொடரைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாகக் கிடையாது. மஞ்சள் இதழில் நடுவே கரும்பழுப்புக் கோடு. 1865-ல் கர்னல் டுரூரி கண்டெடுத்தார். 1874-ல் பெட்டோம் அவர் பேரிலேயே அதை வர்ணித்து எழுதினார். அன்றிலிருந்து சேகரிப்பவர்கள் மலையேறி அள்ளி அள்ளி, காட்டில் அது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. இன்று சர்வதேச உடன்படிக்கைப்படி காட்டில் எடுத்த செருப்பு ஆர்க்கிட்டை வியாபாரம் செய்யவே கூடாது.

லண்டன் ரிஜிஸ்டரில் 'டுரூரியை' என்று பெற்றோர் கட்டத்தில் போட்டால் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். பிள்ளைகள் ஐரோப்பா, அமெரிக்கா கண்ணாடி வீடுகளில் சௌக்கியம். பெற்றவள் சொந்த மலையில் உயிருக்குப் போராடுகிறாள். முதியோர் இல்லத்தில் அம்மாவை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஞாபகம் வரவில்லை?

ஆகவே, ஐந்தருவிக்கும் செண்பகாதேவிக்கும் போகிற இளைஞர்களே... மரத்தில் ஒட்டியிருக்கிற செடியைப் பிய்த்துக்கொண்டு வராதீர்கள். அது காட்டின் சொத்து. ஆசை இருந்தால் நர்சரியில் சீட்டோடு வாங்குங்கள். வகை வகையாகப் பார்க்க வேண்டுமானால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

நண்பர் என்ன ஆனார் என்கிறீர்களா? நாலு நாள் கழித்து வேறு ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தார். தட்டினோம். இப்படிப் போட்டும், மாற்றிப் போட்டும், பழைய குடும்பப் பேரிலும், புதுக் குடும்பப் பேரிலும் தேடினோம். பதிவு எதுவும் இல்லை! வெற்றுப் பக்கத்தைப் பார்த்து ஒரு மனுஷன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையிலேயே குச்சியை எடுத்துவிட்டார். இப்போது காய் பிடித்திருக்கிறது.

எந்த ஜோடி என்று கேட்காதீர்கள். என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆறேழு வருஷத்துக்குள் வேறு யாராவது அதே ஜோடியைப் பூக்க வைத்து முந்திவிட்டால் பேர் போய்விடுமே! அப்படியே போனாலும் அவருக்குக் கவலை இல்லை. பூக்கிறதில் நல்ல செடி ஒன்றுக்கு மேற்கோள் குறிக்குள் அம்மா பேரை வைத்துவிடுவாராம். அதை யாரும் தடுக்க முடியாது.

அம்மாவிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அந்தம்மா காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்: "எம் பேரு இருக்கட்டும்டா... இதுக்குப் பார்த்த மாதிரி உனக்கும் அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு பொண்ணைப் பார்த்தா என்ன?"